ஜாவாத் தீவு பதினைந்து கோடிப் பேரை எப்படித் தாங்குகிறது?

வாழப்பாடிப் பக்கம் மரவள்ளி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த, போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். ஜாவாத் தீவும் தமிழ்நாடும் ஏறத்தாழ ஒரே பரப்புடையவையாக இருக்க, அங்கே மட்டும் நம்மைப்போல் இரு மடங்கு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது முதல் கேள்வி. எரிமலை மண்ணே காரணம் என்று பாடநூல்கள் சொல்வது போதுமா, மலையும் செம்மண்ணும் மழையும் சேர்வராயன் மலையிலும் இருக்கும்போது இங்கே ஏன் அப்படி விளையவில்லை என்பது இரண்டாவது. இந்தோனேசியாவின் தலைநகரை ஜாவாவிலுள்ள ஜகார்த்தாவிலிருந்து போர்னியோத் தீவுக்கு மாற்றினால் ஜாவாவின் நெரிசல் தீருமா என்பது மூன்றாவது. சேலத்தில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனெனில் இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தால்தான் மற்ற இரண்டும் விளங்கும்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். ஜாவாவின் பரப்பு ஏறத்தாழ 1,29,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058. இந்தோனேசியாவின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பக்கத்திலுள்ள மதுராத் தீவையும் சேர்த்து, ஜாவாவில் 15.16 கோடிப் பேர் இருந்தனர். தமிழ்நாட்டில் 2011இல் 7.21 கோடி. சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,170 பேர் என்ற ஜாவாவின் அடர்த்தி சேலம் மாவட்டத்துக்கு வந்தால், 2011இல் 35 லட்சத்தை ஒட்டியிருந்த நம் மாவட்டத்தில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியிருக்க வேண்டியிருக்கும். இந்த அடர்த்தி ஒரு நகரத்துக்கோ ஒரு டெல்டாவுக்கோ உரியதன்று. காடுகள், எரிமலை முகடுகள், சுண்ணாம்புப் பாறைப் பொட்டல்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரி. ஆகவே மக்கள் உண்மையில் வாழும் பள்ளத்தாக்குகளில் நெருக்கம் இதைவிடக் கூடும்.

தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீண்டு, வடக்கு தெற்காக 200 கிலோமீட்டருக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஆறாவது அட்சத்துக்கும் ஒன்பதாவது அட்சத்துக்கும் இடையில் அமைந்திருப்பதால் அங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு தீவுக்கு அடியில் செருகிக்கொண்டு இறங்குகிறது. இறங்கும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலேயுள்ள பாறையை உருகச் செய்ய, அந்த உருகுபாறை மேலெழுந்து தீவின் முதுகெலும்பாக எரிமலை வரிசையை எழுப்பியிருக்கிறது. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவை இன்னும் இயங்கும் தன்மையுடையவை. உயரமானது 3,676 மீட்டர் கொண்ட செமேரு. நம் தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். வடகரை தாழ்ந்த வண்டல் சமவெளி. தென்கரை பெரும்பாலும் செங்குத்தானது, துறைமுகங்கள் அரிது. அதனால்தான் ஜகார்த்தா, செமாராங், சுரபாயா ஆகிய மூன்று பெரிய நகரங்களும் வடகரையிலேயே வளர்ந்தன.

இனி மண்ணுக்கு வருவோம். சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட் என்ற வகை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. ஏற்காட்டிலிருந்து சேர்வராயன் கோயில் இருக்கும் தட்டையான உச்சிக்குச் செல்பவர்கள், சாலை வெட்டியிருக்கும் இடங்களில் மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மேலே செங்காவி நிறத் தூள், அதற்குள் பட்டாணி அளவிலும் முட்டை அளவிலும் கடினமான உருண்டைகள், கீழே வெளுத்துப்போன களிமண், அதற்கும் அடியில் கருநீலப் பாறை. அந்த உருண்டைகள்தாம் பாக்சைட். அலுமினியத்துக்காக இந்த மலையில் வெட்டியெடுக்கப்பட்ட தாது. வெப்பமும் மழையும் நிறைந்த இடத்தில் ஒரு பாறை மிக நெடுங்காலம் மக்கிக்கொண்டே இருந்தால், பயிருக்கு வேண்டிய சுண்ணம், சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை முதலில் கரைந்தோடும். பிறகு மணற்சத்தும் கரையும். எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் மட்டும் எஞ்சும். பாக்சைட் என்பது அப்படி எஞ்சிய மிச்சம். அது கிடைக்கும் இடத்து மண் சத்திழந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஏற்காட்டின் காப்பித் தோட்டங்கள் செழிப்பாக இருப்பதற்குக் காரணம், சில்வர் ஓக் முதலிய நிழல் மரங்களின் சருகு மக்கி மேல்மண்ணில் சேர்வதும் தோட்டக்காரர்கள் இடும் உரமும் சுண்ணாம்புமே தவிர, அடிப்பாறை தரும் கொடை அன்று.

ஜாவாவிலும் அதே வெப்பம், அதைவிடக் கூடுதல் மழை. சத்து கரைந்தோடும் வேகம் அங்கே இன்னும் அதிகம். ஆனால் அங்கே பாறை புதியது. சாம்பல் மீண்டும் மீண்டும் விழுகிறது. அவ்வப்போது ஏதேனும் ஓர் எரிமலை தன்னைச் சுற்றியுள்ள நிலத்தின் மீது சுண்ணமும் மக்னீசியமும் சாம்பல்சத்தும் மணிச்சத்தும் கொண்ட பொடியைத் தூவுகிறது. பொடியாக விழுவதால் அது விரைவில் மக்கும். பாறையாக இருந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மலையில் விழுந்ததை ஆறுகள் அள்ளிக்கொண்டு கீழே உள்ள வயல்களில் சேர்க்கின்றன. இந்தத் தொடர்பைத் தெளிவாக நிறுவியவர் மோர் என்ற டச்சு மண்ணியல் அறிஞர். இந்தோனேசியத் தீவுகளில் மண்ணின் தன்மையும் மக்கள் அடர்த்தியும் எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகின்றன என்பதை அவர் 1938இல் எடுத்துக்காட்டினார். போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தான் இதற்கு எதிர்ச்சான்று. அங்கும் அதே மழை, அதே வெப்பம். இயங்கும் எரிமலை இல்லை. ஜாவாவைப்போல் நான்கு மடங்கு பரப்புள்ள அந்த நிலத்தில் 2020இல் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 1.66 கோடிப் பேர்தாம்.

பாடநூல் சொல்வது இதுவரை சரியே. ஆனால் இதோடு நின்றுவிட்டால் விடை பாதிதான். ஜாவா முழுவதும் எரிமலை மண் அன்று. யோக்யகார்த்தாவுக்குத் தென்கிழக்கே குனுங்கிடுல் என்ற மாவட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு குன்றுகளாகச் சுண்ணாம்புப் பாறை விரிந்து கிடக்கும் பகுதி. பெய்யும் மழை பாறை இடுக்குகளில் இறங்கி நிலத்தடிக் குகைகளில் ஓடிவிடும். மேலே ஓடையே இருக்காது. கோடையில் குடிநீருக்கே லாரியை எதிர்பார்க்க வேண்டிய ஊர்கள் அவை. அங்கே நெல் அரிது, மரவள்ளிதான் உயிர். கிழங்கைத் தோல் சீவி, வெயிலில் உலர்த்தி, இடித்து, ஆவியில் அவித்து உண்பது அந்த மக்களின் நெடுநாள் வழக்கம். நம் வாழப்பாடி, ஆத்தூர் வட்டாரத்து மேட்டுக்காட்டு விவசாயிகளுக்கு அந்த நிலத்தைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது. இரண்டாம் உலகப்போருக்கு முன்பு உலகச் சந்தைக்கு மரவள்ளி மாவை மிகுதியாக ஏற்றுமதி செய்த இடம் ஜாவாதான். போரில் தென்கிழக்காசியா ஜப்பான் வசமாகி அங்கிருந்து மாவும் சவ்வரிசியும் வருவது நின்றபோது, 1943ஐ ஒட்டிச் சேலத்தில் சேகோ உற்பத்தி தொடங்கியது. இன்று ஆத்தூர்ச் சாலையில் வெயிலில் காய்கிற மாவும் திப்பியும் ஒருவகையில் ஜாவாவின் சந்தை அறுந்துபோனதால் நமக்கு வந்த தொழில்.

மழையும் தீவு முழுவதும் ஒரே சீராக இல்லை. மேற்கே போகோர் நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை. கிழக்குக் கோடியின் வடகரையில் சில இடங்களில் 1,000 மில்லிமீட்டர்கூடக் கிடைப்பதில்லை, அதாவது சேலம் சமவெளியின் நிலைதான். மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. ஆஸ்திரேலியாவின் பக்கமிருந்து வறண்ட காற்று வீசும் மற்ற மாதங்களில் கிழக்கு ஜாவா காய்ந்துவிடும். ஆனாலும் வரலாற்றில் பெரிய அரசுகள் மழை கொட்டும் மேற்கைவிட நடுப்பகுதியிலும் கிழக்கிலுமே மிகுதியாகத் தழைத்தன. இங்கேதான் இரண்டாவது காரணம் வருகிறது, என் கருத்தில் மண்ணைவிட முதன்மையானது: நீரை ஆண்ட திறமை.

ஜாவாவில் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று ஜகார்த்தாவின் வடபகுதியான தூகுவில் கண்டெடுக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வடமொழியில், பல்லவ எழுத்தில் பொறிக்கப்பட்டது. தாருமா நாட்டு அரசன் பூர்ணவர்மன் கோமதி என்ற கால்வாயை 21 நாள்களில் வெட்டுவித்து ஆயிரம் பசுக்களைத் தானம் கொடுத்ததை அது சொல்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தவனான ஐர்லங்கா என்ற மன்னன் பிரந்தாஸ் ஆறு கரையுடைத்து ஊர்களை அழித்ததைத் தடுக்க அணை கட்டியதை 1037ஆம் ஆண்டுக் கமலக்யான் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது. எரிமலைகளிலிருந்து நாற்புறமும் இறங்கும் சிற்றாறுகள் வற்றாதவை; சரிவும் சீரானது. மேலே ஓர் ஓடையை மறித்து வாய்க்காலில் திருப்பிவிட்டால், அதே நீர் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று படிப்படியாக இறங்கிக்கொண்டே பாயும். தேங்கி நிற்கும் நீரில் நீலப்பச்சைப் பாசி வளர்ந்து காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும்; ஓடிவரும் வண்டல் மற்றச் சத்துகளைக் கொடுக்கும்; ஏர் ஓட்டி மிதித்த சேறு அடியில் இறுகி நீரை ஒழுகவிடாமல் பிடிக்கும். ஆண்டுதோறும் நெல் வைத்தாலும் களைத்துப்போகாத நிலம் இப்படித்தான் உருவானது. மலைச்சரிவில் காட்டை எரித்துச் சாமையோ மேட்டுநெல்லோ விதைத்தால், சில ஆண்டுகளில் வேறிடம் தேட வேண்டும். சேற்றுவயலில் பேரப்பிள்ளைகளும் அதே வரப்பில் நடக்கலாம்.

இந்த வயலுக்கு இன்னொரு பண்பு உண்டு: உழைப்பைக் கூட்டக் கூட்ட அது விளைச்சலைக் கூட்டித் தரும். நாற்றை ஒழுங்காக நடுவது, இரண்டாம் களை எடுப்பது, வரப்பைத் தினமும் பார்ப்பது, நீரை அங்குல அளவில் நிறுத்துவது என்று எத்தனை கை வந்தாலும் வேலை இருக்கும். அண்மைக்காலம் வரை அங்கே அறுவடைக்கு அரிவாள் பயன்படுத்தவில்லை. உள்ளங்கைக்குள் மறையும் சிறு கத்தியொன்றை விரல்களுக்கிடையில் பிடித்து, பெண்கள் கதிர் கதிராகக் கொய்தார்கள். ஊரில் யார் வந்தாலும் அறுவடையில் சேர்ந்துகொள்ளலாம். கொய்த கதிரில் ஒரு பங்கு கூலி. நிலமில்லாத குடும்பமும் பசியாமல் இருக்க அது ஒரு வழி. வீட்டைச் சுற்றியுள்ள சிறு துண்டு நிலத்திலும் தென்னை, பலா, வாழை, கிராம்பு, மிளகாய், மரவள்ளி, கோழி, சிறு மீன்குட்டை என்று மேல், நடு, கீழ் அடுக்குகளாகப் பயன்பாடு இருந்தது. ஏற்காட்டின் நல்ல பழைய தோட்டங்களில் சில்வர் ஓக்கின் மேல் மிளகுக்கொடி, அடியில் காப்பி, இடையில் ஆரஞ்சு, பலா என்று இருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அடுக்குமுறை எளிதில் விளங்கும்.

ஆனாலும் 1800இல் ஜாவா நெருக்கமான தீவு அன்று. ஆங்கிலேயர் ஆட்சி அங்கே சிறிது காலம் நடந்தபோது துணை ஆளுநர் ராஃபிள்ஸ் 1815இல் எடுத்த கணக்கு 46 லட்சம் பேர் என்று காட்டியது. அது குறைத்து எண்ணப்பட்டதென்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள் என்றாலும், ஒரு கோடிக்குள்தான் இருந்திருக்கும். 1900இல் 2.8 கோடி, 1930இல் 4.17 கோடி, 1961இல் 6.3 கோடி, இன்று 15 கோடிக்கு மேல். மண் இந்த இருநூறு ஆண்டுகளில் மாறவில்லை. மாறியது ஆட்சியும் சந்தையும். டெண்டல்ஸ் என்ற டச்சு ஆளுநர் 1808 முதல் அன்யேரிலிருந்து பனாருக்கான் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையைக் கட்டாய உழைப்பால் போடச் செய்தார். ஆயிரக்கணக்கானோர் அதில் மாண்டனர். 1825 முதல் 1830 வரை நடந்த ஜாவாப் போரில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஜாவா மக்கள் இறந்தனர். அதன் செலவை ஈடுகட்ட வான் டென் போஷ் 1830இல் கொண்டுவந்த முறையின்படி, ஒவ்வோர் ஊரும் தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கிலோ அதற்கு ஈடான உழைப்பிலோ காப்பி, கரும்பு, அவுரி ஆகியவற்றை அரசுக்காக விளைவிக்க வேண்டும். ஏட்டில் ஐந்தில் ஒன்று. நடைமுறையில் அதைவிடக் கூடுதல். 1850களில் நெதர்லாந்து அரசின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி ஜாவா உழவர்களின் முதுகிலிருந்து வந்தது. அதே காலத்தில், 1849–50இல், நடு ஜாவாவின் டெமாக், குரோபோகான் வட்டாரங்களில் மக்கள் பஞ்சத்தில் செத்தார்கள்.

காப்பியைப் பற்றி இரண்டு வரி. ஜாவாவுக்குக் காப்பிச் செடி சென்றதே நம் மலபார்க் கரையிலிருந்துதான். 1696இல் கொண்டுபோனது வெள்ளத்தில் அழிய, 1699இல் கொண்டுபோனது நிலைத்தது. சேர்வராயன் மலையில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பியை அறிமுகப்படுத்தினார். ஜாவாவின் காப்பியை 1876க்குப் பிறகு இலைத்துரு நோய் தாக்கித் தாழ்நிலத் தோட்டங்களை அழித்ததால், அங்கே ரொபஸ்டா வகைக்கு மாறினார்கள்.

கரும்பின் கதை அதைவிட ஆழமானது. டச்சு ஆலைகள் தமக்கென்று தனி நிலம் திருத்தவில்லை. ஊராரின் பாசன நெல்வயலையே குத்தகைக்கு எடுத்து, ஒன்றரை ஆண்டு கரும்பு வைத்து, பிறகு நெல்லுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கரும்புக்காக வெட்டிய வாய்க்கால் நெல்லுக்கும் பாய்ந்தது. கரும்புக்கு ஆள் வேண்டியிருந்ததால் குடும்பங்கள் பெரிதாயின. அம்மைத் தடுப்பூசியும் போர் ஓய்ந்ததும் சாவைக் குறைத்தன என்பதும் உண்மையே. ஆனால் ஆளுக்கு இருந்த இந்தத் தேவைதான் பிறப்பைக் கூட்டியது என்று வாதிடும் அறிஞர்களின் பக்கம் எனக்கு மிகுந்த வலு தெரிகிறது. கிழக்கு ஜாவாவின் பசுருவான் ஆய்வு நிலையம் 1921இல் உருவாக்கிய பி.ஓ.ஜே. 2878 என்ற கரும்பு பத்தாண்டுக்குள் தீவின் கரும்பு வயல்களையெல்லாம் நிரப்பியது. அதைக் கோ 290 என்ற நம் கரும்போடு கலப்பினம் செய்து கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையம் உண்டாக்கியதுதான், தென்னிந்தியா முழுவதும் நெடுங்காலம் ஆண்ட கோ 419. அதே காலத்தில் ஜாவாச் சர்க்கரையின் பெரிய வாடிக்கையாளரான இந்தியா, 1932இல் தன் சர்க்கரைத் தொழிலைக் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்து வரியை உயர்த்தியது. உலகப் பொருளாதார வீழ்ச்சியோடு அதுவும் சேர்ந்து ஜாவாவின் ஆலைகளைச் சாய்த்தது. ஆலை மூடியது, ஆலையை நம்பிப் பெருகிய மக்கள் அங்கேயே இருந்தார்கள். ஜாவாவின் வறுமைக்கு வேர் தேடுபவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் நிலச்சீர்திருத்தச் சட்டம் 1960இல் வந்தது; நிலத்துக்கான பூசல் ஊருக்குள் பகையாக முற்றியது. 1965–66இல் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மீது நடந்த படுகொலைகளில் குறைந்தது ஐந்து லட்சம் பேர் இறந்தனர் என்பது பொதுவான மதிப்பீடு. நடு ஜாவாவும் கிழக்கு ஜாவாவும் மிகக் கொடிய களங்களுள் அடங்கும். அதன்மேல் எழுந்த அதிபர் சுகார்த்தோ ஆட்சியின் வளர்ச்சித் திட்டங்களைப் பாராட்டி எழுதுபவர்கள் பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். கடந்துபோகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த ஆட்சி செய்தவற்றையும் மறைக்க வேண்டியதில்லை. 1969இல் ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கின. மேற்கு ஜாவாவின் சித்தாரும் என்ற ஆற்றில் 1967இல் முடிந்த ஜதிலூஹூர் அணை, கொள்ளளவில் நம் மேட்டூர் அணையோடு ஒப்பிடத்தக்கது. கரவாங் சமவெளியில் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாசனம் தருகிறது. பிலிப்பைன்ஸில் 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லின் பெற்றோரில் ஒன்றான பேட்டா இந்தோனேசிய வகை. குட்டை நெல் வகைகள் தம் தாய்நிலம் திரும்பி, உரத்தோடும் பாசனத்தோடும் சேர்ந்து 1984இல் நாட்டை அரிசியில் தன்னிறைவு அடையச் செய்தன. 1970களில் எண்ணெய் வருவாயைக் கொண்டு நாடெங்கும் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகள் கட்டப்பட்டன. குடும்பநலத் திட்டம் ஊர்தோறும் பெண்கள் குழுக்கள் வழியாகச் சென்றது; 1970ஐ ஒட்டி ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேல் இருந்த குழந்தைப்பேறு, இன்று இரண்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. ஆனால் குட்டை நெல்லைச் சிறு கத்தியால் கொய்வது கடினம். அரிவாள் வந்தது, ஒப்பந்தக்காரர் வந்தார், எல்லாரும் சேர்ந்துகொள்ளும் அறுவடை மறைந்தது. உலக்கைக்குப் பதிலாக அரவை இயந்திரம் வந்ததும் நெல் குத்திப் பிழைத்த பெண்களுக்குக் கூலி போயிற்று. பூச்சிமருந்தை மானியத்தில் அள்ளித் தெளித்ததால் புகையான் பூச்சியின் இயற்கைப் பகைகள் அழிந்து புகையான் பெருக, 1986இல் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடைசெய்ய நேர்ந்தது. அந்தத் தடை துணிச்சலானது. நம் தஞ்சை, சேலம் விவசாயத்துக்கும் பாடம் உள்ளது.

எரிமலையின் மறுமுகத்தையும் சொல்ல வேண்டும். 1919இல் கெலூட் வெடித்தபோது அதன் உச்சியிலிருந்த ஏரி சேறாகப் பாய்ந்து ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது. பிறகு சுரங்கம் குடைந்து ஏரி நீரைக் குறைத்தார்கள். 1883இல் சுந்தா நீரிணையில் கிரக்கத்தாவ் வெடித்தெழுப்பிய ஆழிப்பேரலையில் 36,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெராபி 2010இல் வெடித்து 350க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மூன்றரை லட்சம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். சாம்பல் அடங்கியதும் பெரும்பாலோர் திரும்பிச் சென்று மறுபடி உழுதார்கள். ஆற்றில் வந்திறங்கிய எரிமலை மணலை லாரியில் அள்ளுவதும் ஒரு பிழைப்பாயிற்று.

இப்போது நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகிறது. இந்தோனேசியாவின் நிலத்தில் ஏறத்தாழ ஏழு விழுக்காடே ஜாவா. நாட்டுப் பொருளாதாரத்திலோ பாதிக்கு மேல் அங்கிருந்து வருகிறது. ஜகார்த்தாவிலிருந்து பெகாசி, கரவாங் வழியாகச் செல்லும் தொழிற்பேட்டைகள், ஜதிலூஹூர் நீர் பாயும் முதல்தர நெல்வயல்களின் மேலேயே எழுந்துள்ளன. 2018 இறுதியில் ஜகார்த்தாவையும் சுரபாயாவையும் இணைத்த சுங்கச்சாலையும், 2023 அக்டோபரில் ஜகார்த்தாவுக்கும் பாண்டுங்குக்கும் இடையே ஓடத் தொடங்கிய 142 கிலோமீட்டர் அதிவேக ரயிலும் வசதிதான். ஆனால் சாலை போகும் இடமெல்லாம் வயல் மனையாகிறது. நெசவுப் பட்டறைகளின் சாயக்கழிவும் ஊர்க் கழிவும் சேர்ந்து சித்தாரும் ஆற்றை உலகின் மிக மாசுபட்ட ஆறுகளில் ஒன்றாக்கின. 2018இல் அதை மீட்க அரசு தனித்திட்டம் தொடங்கியது. சேர்வராயன் மலையில் தெளிந்து பிறந்து சேலம் நகருக்குள் சாக்கடையாகவும் சாயநீராகவும் மாறும் திருமணிமுத்தாற்றை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மூன்றாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தலைநகரைக் கிழக்குக் கலிமந்தானுக்கு மாற்றும் முடிவு 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது; 2022 தொடக்கத்தில் சட்டமாயிற்று; நுசந்தாரா என்ற பெயரில் நகரம் எழுகிறது. ஜாவாவிலிருந்து மக்களை வெளியே குடியேற்றும் முயற்சி புதிதன்று: 1905இல் டச்சு அரசு சுமத்திராவின் லம்புங்கில் முதல் குடியேற்றத்தைத் தொடங்கியது, சுகார்த்தோ காலத்தில் பல லட்சம் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. சத்திழந்த மண்ணில் நெல் வைக்கச் சொல்லி அனுப்பப்பட்ட பலர் தோற்றார்கள். அங்கே முன்பே வாழ்ந்த மக்களோடு நிலத்தகராறும் மூண்டது. பாக்சைட் உருண்டை கிடக்கும் சேர்வராயன் உச்சியில் காவிரிப் பாசன விவசாயியைக் கொண்டுபோய் விட்டால் என்ன நேருமோ அதுதான் நேர்ந்தது. ஜாவாவின் பங்கு 1930இல் நாட்டு மக்களில் மூன்றில் இரண்டுக்கு மேல். இன்று 56 விழுக்காடு. பங்கு குறைந்தது, எண்ணிக்கை மூன்றரை மடங்கானது. சில லட்சம் அரசு ஊழியர்களும் அவர்கள் குடும்பங்களும் போவதால் 15 கோடியில் தெரியக்கூடிய மாற்றம் எதுவும் வராது.

ஜகார்த்தாவின் உண்மையான நோய் நிலம் தாழ்வது. குழாய்நீர் எல்லா வீடுகளுக்கும் எட்டாததால் வீடுகளும் விடுதிகளும் ஆலைகளும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சுகின்றன. நீர் வற்றிய களிமண் அடுக்குகள் அழுந்துகின்றன. வடக்கு ஜகார்த்தாவின் சில பகுதிகள் 1970களிலிருந்து நான்கு மீட்டர் வரை இறங்கிவிட்டன. முவாரா பாரு போன்ற இடங்களில் கடற்சுவருக்கு அப்பால் கடல் தெரு மட்டத்தைவிட உயரத்தில் நிற்கிறது. பூர்ணவர்மன் கால்வாய் வெட்டியதாகச் சொல்லும் தூகுக் கல்வெட்டும் இதே வடபகுதியில்தான் கிடைத்தது. கிழக்கே டெமாக் மாவட்டத்தின் சாயுங் வட்டாரத்தில் அலையாத்திக் காட்டை இறால் குட்டைகளுக்காக அழித்ததும் சேர்ந்துகொள்ள, முன்பு நெல் விளைந்த ஊர்கள் கடலுக்குள் போய்விட்டன. மக்கள் வீட்டுத் தரையை மண் கொட்டி உயர்த்தி உயர்த்தி, கடைசியில் தலை நிமிர்ந்து நிற்க முடியாத அளவுக்குக் கூரை அருகில் வந்துவிட்டது.

இதற்குத் தலைநகர் இடமாற்றம் மருந்தாகாது. டோக்கியோவிலும் இதே காரணத்தால் நிலம் பல மீட்டர் தாழ்ந்தது. ஆலைகளின் நிலத்தடி நீர் உறிஞ்சலைச் சட்டத்தால் கட்டுப்படுத்தி, மாற்றாக ஆற்றுநீரைக் குழாயில் கொடுத்த பின், 1970களில் தாழ்வு பெருமளவு நின்றது. ஜகார்த்தாவுக்குக் குழாயில் கொடுக்க நீர் ஜதிலூஹூரில் இருக்கிறது. ஆனால் அந்த நீர் வந்துசேரும் சித்தாரும் ஆறு சாயநீராகவும், வாய்க்கால் போகும் வழி தொழிற்பேட்டையாகவும் இருக்கும் வரை அது ஊருக்குக் குடிநீராக முழுமையாக எட்டாது. ஆகவே தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், தம்பி, போர்னியோவைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு, மீதி இடத்தைச் சித்தாரும் ஆற்றுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் கொடுங்கள்.